‘பாசிவ் இம்யூனிட்டி’: கன்றுக்குட்டிக்கு என்ன சொல் தருவது?

ஒரத்தநாட்டிலிருந்து:
கோமாரித் தடுப்பூசி முகாமுக்கான துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘பாசிவ் இம்யூனிட்டி’, அதாவது தாயிடமிருந்தோ வெளியிலிருந்தோ ஆயத்தமாய் வந்து சேரும் நோய்க் காப்பு, பள்ளிப் பாடத்தில் ‘மந்தமான நோய்த்தடைகாப்பு’ என்று இருக்கிறது. மாடு வளர்ப்பவருக்கு மந்தம் என்றால் வயிற்று மந்தம்தான். வேறு சொல் வேண்டும்.

பசுவின் நஞ்சுக்கொடி வழியாக எதிர்ப்பொருள் (நோய்க்கிருமியை எதிர்க்கும் புரதம்) கன்றுக்குப் போகாது. சீம்பாலில்தான் கிடைக்கிறது. குடல் அதைச் செரிக்காமல் அப்படியே ரத்தத்தில் சேர்ப்பது முதல் 24 மணி நேரம் மட்டுமே. அதிலும் முதல் 6 மணி நேரத்தில்தான் நன்றாகச் சேரும். 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர் வேண்டும், முதல் ஊட்டு 2 மணி நேரத்துக்குள். நஞ்சுக்கொடி விழட்டும் என்று சீம்பால் ஊட்டாமல் காத்திருப்பதால்தான் பல கன்றுகள் கழிச்சலில் போகின்றன. தாய் தந்த எதிர்ப்பொருள் நிறைய இருக்கும்போது ஊசி போட்டால், மருந்தையே அது கட்டிப்போட்டுவிடும். 4 மாதத்தில் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து அடுத்தது என்பது அதனால்தான்.

பாபநாசத்திலிருந்து:
சொல் நம்மிடமே இருக்கிறது, ஐயா. புனிறு என்றால் ஈன்றணிமை என்று தொல்காப்பிய உரியியல் சொல்கிறது. புதிதாய் ஈன்ற பசு புனிற்றா. ஆகவே ‘புனிற்றுக்காப்பு’. ‘புன்’ என்ற இளமை வேரில் கிளைத்தது இது என்பது என் துணிபு.

மன்னார்குடியிலிருந்து:
‘புன்’னில் இளமை எங்கே வந்தது? புன்மை சிறுமையல்லவா? அது கிடக்கட்டும், கொட்டகையில் நிற்பவருக்குப் புனிறு புரியாது. சீம்பால் புரியும், கடும்பும் புரியும். சீம்பாலை ஆவியில் வைத்தால் கடும்பாகக் கட்டியாகிறதே, அந்தக் கட்டியில் எதிர்ப்பொருளும் சேர்ந்தே உறைந்திருக்கிறது. கன்றுக்குக் காய்ச்சாமல் கொடுங்கள் என்பதை இதைக் காட்டியே விளக்கலாம். ‘சீம்பால் காப்பு’ போதும்.

திருவாரூரிலிருந்து:
துண்டறிக்கைக்குச் சரி, வகுப்புக்குப் போதாது. கோழிக்குஞ்சுக்கு இது மஞ்சள் கருவில் வருகிறது. மனிதக் குழந்தைக்கு நஞ்சுக்கொடி வழியே வருகிறது. வெறிநாய் கடித்த புண்ணைச் சுற்றிப் போடும் எதிர்ப்பொருள் சீரத்தில் தாய்க்கு வேலையே இல்லை. எல்லாவற்றுக்கும் பொது என்ன? எதிர்ப்பொருள் வேறோர் உடலில் உண்டானது. வாங்கிய உடலில் நினைவு செல் (கிருமியை நினைவில் வைத்திருக்கும் செல்) உருவாகாது. சில வாரங்களிலோ மாதங்களிலோ கரைந்துபோகும். ஆகவே ‘இரவல் காப்பு’. தடுப்பூசியால் வருவது ‘ஈட்டிய காப்பு’. அதில் உடலே எதிர்ப்பொருள் செய்யப் பழகுகிறது, நினைவு செல் தங்குகிறது, அடுத்த ஊசிக்கு வேகமாக எழும்புகிறது.

பாபநாசத்திலிருந்து:
இரவலைத் திருப்பித் தர வேண்டும். கன்று எதைத் திருப்பித் தருகிறது? தாய் தந்தது கொடை. ‘கொடைக் காப்பு’ என்றாலும் ஏற்பேன்.

மன்னார்குடியிலிருந்து:
கொடை என்றால் நிலைத்து நிற்கும் என்று நினைத்து ஊசியை விட்டுவிடுவார்கள். இரவல் நகை நம் கழுத்தில் கிடந்தாலும் நம்முடையது ஆகாது, அந்தக் குறிப்புத்தான் இங்கே வேண்டும். காப்பு என்பதும் பொருத்தமே: திருவிழாவுக்குக் கட்டிய காப்பை முடிந்ததும் அவிழ்த்துவிடுகிறோம்.

ஒரத்தநாட்டிலிருந்து:
துண்டறிக்கையில் ‘சீம்பால் காப்பு’ என்றே போடுகிறேன். பொதுச்சொல்லுக்கு இரவல் பக்கம் ஆள் அதிகம். ஆனால் ‘ஈட்டிய’ எனக்கு உறுத்துகிறது: நோய் வந்து பிழைத்த மாட்டுக்கும் அதே சொல்லா?

பாபநாசத்திலிருந்து:
அதற்கும் அதே சொல்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. இரவலுக்கு மட்டும் என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள்.