8031 கார்டுக்கு மாற்று சிப் தேடியபோது

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை. துணிக்குச் சாயம் ஏற்றும் சாஃப்ட் ஃப்ளோ மெஷினின் கன்ட்ரோல் கார்டில் 8031 என்ற பழைய மைக்ரோகன்ட்ரோலர் சிப், பக்கத்தில் அதன் ப்ரோகிராம் இருக்கும் மெமரி சிப்பான 27சி64 ஈபிராம். கார்டு செய்துகொடுத்தவர்கள் தொழிலை விட்டு வருடங்கள் ஆகின்றன. சோர்ஸ் கோடு யாரிடமும் இல்லை.

இனி 3.3 வோல்ட்டில் ஓடும் புது மைக்ரோகன்ட்ரோலரான எஸ்டிஎம்32தான் என்று முடிவுகட்டி, ப்ரோகிராமைப் புதிதாக எழுதினேன். மேசையில் நன்றாக ஓடியது. மெஷினில் மாட்டியதும், ஆஃபில் இருக்க வேண்டிய ஸ்டீம் வால்வு ரிலே டக்டக்கென்று அடித்துக்கொண்டது. உள்ளே துணி. ஸ்டீம் லைனைக் கையால் அடைக்கச் சொல்லிவிட்டு மல்டிமீட்டரை எடுத்தேன்.

சிப்பின் சிக்னலை ஒளி வழியாக ரிலேவுக்குக் கடத்தும் ஆப்டோகப்ளரில், எல்.இ.டி.யின் ஒரு முனை 5 வோல்ட்டில், மறுமுனை ரெசிஸ்டர் வழியாக சிப்பின் பின்னில். பின் சுழியத்துக்கு இறங்கினால் ரிலே ஆன். 8031-இல் பின் மேலே ஏறினால் இரண்டு பக்கமும் 5 வோல்ட், கரன்ட் ஓடாது. என் எஸ்டிஎம்32 பின் 3.3 வோல்ட்டோடு நின்றுவிட்டது. மிச்சம் 1.7. எல்.இ.டி. விழித்துக்கொள்ள ஏறத்தாழ 1.2 போதுமே! 5 வோல்ட் தாங்கும் பின்னாகப் பார்த்து ஓபன் டிரெயினில் (கீழே மட்டும் இழுக்கும், மேலே தள்ளாது) வைத்திருந்தால் இது நடந்திருக்காது.

சரி என்று ஈபிராமைப் படித்து, அதே பைனரியை, ப்ரோகிராமை உள்ளேயே வைத்துக்கொள்ளும் அதே குடும்பத்துச் சிப்பான ஏடி89எஸ்52-இல் ஏற்றினேன். 8 கேபி, கச்சிதமாகப் பொருந்தியது. அதே 40 பின் சாக்கெட்தான். ப்ரோகிராமை உள்ளிருந்து படிப்பதா, வெளியிலிருந்தா என்று சொல்லும் 31-ஆவது பின்னான இ.ஏ. மட்டும் கிரவுண்டில், அதாவது வெளியிலிருந்து படி என்ற நிலையில் இருந்தது. அந்தத் தடத்தை வெட்டி 5 வோல்ட்டுக்கு இழுத்தேன். அன்றிலிருந்து ஓடுகிறது. இப்போதெல்லாம் வேகத்தைப் பார்ப்பதற்கு முன்னால், பவர் வந்த நொடியில் பின்கள் எந்த நிலையில் நிற்கும் என்றுதான் டேட்டாஷீட்டில் தேடுகிறேன். ஈபிராம் ஜன்னலின் ஸ்டிக்கர் உரிந்திருந்தால் இன்றைக்கே காப்பி எடுத்துவிடுங்கள், வெளிச்சம் பட்டுப்பட்டு அழிந்துவிடும்.

*

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு அடி விழுந்தது டைமிங்கில். 8031-உம் 8051 குடும்பம்தானே என்று, ஒரு கிளாக்கில் ஒரு சைக்கிள் ஓடும் புது ரகத்தைப் போட்டேன். பழைய சிப்பில் ஒரு மெஷின் சைக்கிளுக்கு 12 கிளாக். 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலில் டிலே லூப்பில், எண்ணைக் குறைத்துத் திரும்பச் சுற்றும் டிஜெஎன்இசட் கட்டளையின் ஒரு சுற்றுக்கு 2 மைக்ரோசெகண்ட். புதியதில் அந்த டிலே எல்லாம் சட்டென்று முடிந்துபோனது. எல்சிடி தயாராவதற்குள் கட்டளைகள் போய்விட, அதன் முதல் வரியில் எழுத்துக்குப் பதிலாக வெறும் கறுப்புக் கட்டங்கள். டிஸ்ப்ளேதான் போய்விட்டது என்று நினைத்து இரண்டு எல்சிடி மாற்றினேன். அப்புறம் 12 கிளாக் சிப்பையே திரும்பப் போட்டேன், எழுத்து வந்தது. அதில் 20 வாங்கி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.