மறு: ‘ஃபிஷிங்’ – வெள்ளிக்குள் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

ஹட்டனிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். டவுன் கடை முதலாளிமாருக்கும் கணக்கு எழுதும் பிள்ளைகளுக்கும் ஞாயிறு வகுப்பு வைக்கிறோம், துண்டுப்பிரசுரம் வெள்ளி அச்சுக்குப் போகவேண்டும். ‘உங்கள் பார்சல் வந்திருக்கிறது, இங்கே அழுத்துங்கள்’ என்ற குறுந்தகவலில் தொடங்கி, வழக்கமாகச் சரக்கு அனுப்புபவரின் மின்னஞ்சல் முகவரியில் ஒரே ஒரு எழுத்தை மாற்றி ‘வங்கிக் கணக்கு மாறிவிட்டது, புதிய இலக்கத்துக்குப் போடுங்கள்’ என்று வரும் பில் வரை, ஆளை ஏமாற்றித் தகவலோ பணமோ பறிக்கும் எல்லாவற்றுக்கும் ஃபிஷிங் என்றே எழுதி வைத்திருக்கிறேன். மைத்துனர் கடையில் வேலை செய்யும் பையன் இப்படித்தான் ஓ.டீ.பி. என்ற ஒருமுறைக் கடவு இலக்கத்தைச் சொல்லிவிட்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவனுக்கு விளங்கும் சொல்லாகத் தாருங்கள்.

கண்டியிலிருந்து:
தூண்டில். குறள் 931இல் ‘தூண்டிற்பொன் மீன்விழுங்கி யற்று’ என்று இருக்கிறதே! அங்கே பொன் தங்கம் அல்ல, இரும்பு முள். இரும்புக்குக் கரும்பொன் என்றும் பெயர் உண்டு. தூண்டுவதால் தூண்டில், பரிசு, பயம், அவசரம் மூன்றையும் காட்டித்தானே இவர்களும் தூண்டுகிறார்கள்? ஆங்கிலத்திலும் மீன்பிடிப்பை வைத்துத்தான் 1990களில் பெயர் வந்தது, எழுத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டார்கள்.

பண்டாரவளையிலிருந்து:
சேர், காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கங்களின் பக்கத்தை விட்டால் நம் ஆட்களில் தூண்டில் பிடித்தவர்கள் எத்தனை பேர்? தோட்டத்து ஓரத்தில் பன்றிக்குக் கம்பியில் வைப்பது கண்ணி. சிறுத்தைகூட அதில் மாட்டிச் செத்திருக்கிறது, சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்புறம், சங்கிலியின் ஒரு வளையமும் கண்ணிதான், அதாவது லிங்க்! அழுத்தும் லிங்கும் மாட்டும் பொறியும் ஒரே சொல்லில் வருகிறது. வலையின் துளைக்குக் கண் என்கிறோம், அதிலிருந்து வந்திருக்கும் என்பது என் எண்ணம். புறநானூற்றில் ‘கண்ணி கார்நறுங் கொன்றை’ என்னும்போது தலைமாலை, தாயுமானவரின் பராபரக்கண்ணியில் ஈரடிச் செய்யுள், எல்லாமே கோத்துக் கட்டியவை.

நுவரெலியாவிலிருந்து:
மாலையும் செய்யுளும் இருக்கட்டும். வங்கி அறிவித்தலில் ஃபிஷிங் என்றே வருகிறது, பொலிசுக்கோ, இணையப் பாதுகாப்பைப் பார்க்கும் இலங்கை சேர்ட்டுக்கோ (CERT) முறைப்பாடு செய்யப் போகிறவர் தூண்டில் என்று சொன்னால் யாருக்கு விளங்கும்? அப்படியே விடுங்கள்.

கண்டியிலிருந்து:
முறைப்பாடு பணம் போனபிறகு. பணம் போகுமுன், வீட்டில் அம்மாவிடம் எந்தச் சொல்லில் எச்சரிப்பது?

பதுளையிலிருந்து:
கண்ணி வேண்டாம் டீச்சர். நான் சில வருடம் வன்னியில் படிப்பித்தவன். கண்ணிவெடி என்று சிவப்புப் பலகை நட்ட காணியைக் காட்டி, ‘அந்தப் பக்கம் கால் வைக்காதீர்கள்’ என்று பிள்ளைகளுக்குத் தினமும் சொல்லியிருக்கிறேன். கண்ணி என்றதும் எனக்கு வெடிதான் ஞாபகம் வருகிறது. அங்கிருந்து வந்து இங்கே கடை போட்டவர்களும் வகுப்பில் இருப்பார்கள்.

ஹட்டனிலிருந்து:
இதைப் படித்தபிறகு கண்ணியைப் பெரிய எழுத்தில் போட எனக்கு மனம் வரவில்லை. தலைப்பில் ‘தூண்டில் தகவல்’, முதல் வரியில் ‘வங்கிகள் ஃபிஷிங் என்று சொல்வது இதைத்தான்’. நான்கு பேர் தனியாக எழுதியும் தூண்டிலையே கேட்டார்கள். கணக்கு இலக்கம் மாறியதாக மின்னஞ்சல் வந்தால், அதில் இருக்கும் எண்ணுக்கு அல்ல, உங்களிடம் ஏற்கெனவே உள்ள எண்ணுக்குக் கோல் எடுத்துக் கேளுங்கள் என்பதைத் தடித்த எழுத்தில் போடுகிறேன்.

பண்டாரவளையிலிருந்து:
பதுளை சேர் சொன்னது எனக்கும் வலிக்கிறது. பிரசுரத்தில் தூண்டிலே இருக்கட்டும். ஆனால் லிங்கும் பொறியும் சேர்ந்த சொல் தூண்டிலில் கிடைக்கவில்லை, அடுத்த பதிப்புக்கு முன் மறுபடியும் கேட்பேன்.