பழைய மரவேலை இயந்திரத்தின் மடக்குக் கை விளக்கு: தேடுவதும் செப்பனிடுவதும்

குடியாத்தம் தச்சுப்பட்டறை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் குடியாத்தத்தில் நடத்திய தச்சுப்பட்டறையை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் தயாரான வாட்கின் இழைப்பு இயந்திரம் ஒன்றும், ஏறக்குறைய அதே காலத்து வட்டரம்ப மேசை ஒன்றும் அங்கே இன்றும் ஓடுகின்றன. இரண்டின் வார்ப்பிரும்பு உடலிலும் விளக்கு பொருத்துவதற்கென்று மரை வெட்டிய துளைகள் இருக்கின்றன. விளக்குகளை மட்டும் யாரோ எப்போதோ கழற்றிவிட்டார்கள்.

அண்மையில் வேலூரில் ஒரு பழைய இரும்புக் கடையில் மூன்று மூட்டுகள் கொண்ட இரும்புக் கை விளக்கு ஒன்று கிடைத்தது. வெளியே பச்சை, உள்ளே வெள்ளை என்று எனாமல் பூசிய குடை அதற்கு இருக்கிறது. ஆனால் மூட்டுகள் நிறுத்திய இடத்தில் நிற்பதில்லை, துணி சுற்றிய வயர் தொட்டாலே உதிர்கிறது, குடையின் விளிம்பில் எனாமல் பெயர்ந்து துரு ஏறியிருக்கிறது. சுவரில் ஒரு குழல் விளக்கைப் போட்டால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனெனில் இழைக்கும்போது பலகையின் மீது பக்கவாட்டில் ஒளி விழுந்தால்தான் நார் எந்தத் திசையில் எழுகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். இந்த விளக்கை எப்படிச் செப்பனிடுவது? உள்ளே எல்.இ.டி. பல்பு போடலாமா? இரண்டாவது இயந்திரத்துக்கு இதே போன்ற விளக்கை எங்கே தேடுவது?

ராணிப்பேட்டை மின்பணியாளர் எழுதியது:

ஐயா, உடலைக் காப்பாற்றுங்கள். உள்ளே இருக்கும் மின்சாரப் பொருள் எதையும் காப்பாற்ற முயலாதீர்கள். அந்தக் காலத்து வயரில் துணிக்குள் இருப்பது ரப்பர். பல ஆண்டு வெப்பத்தில் அது இறுகி வெடித்துவிடும். ஹோல்டருக்கு அருகில் வெள்ளை நார் போன்ற உறை தெரிந்தால், அது கல்நாராக (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும் என்று கருதி, உலர்ந்த நிலையில் சுரண்டாமல், தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, முழுதாக எடுத்துப் பையில் கட்டிவிடுங்கள்.

சுவரிலுள்ள குழல் விளக்கைப் பற்றிச் சொன்னீர்கள். பழைய சோக் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பிச் சுருள்) வைத்த குழல் விளக்கு ரம்ப மேசைக்கு உண்மையிலேயே ஆபத்தானது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த ஒளி நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. நிமிடத்துக்கு 2,880 சுற்று ஓடும் மோட்டாரில் நேரடியாகப் பூட்டிய 50 பல் ரம்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது நொடிக்கு 48 சுற்று சுற்றுகிறது. ஒளியின் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் சரியாக 24 பல் நகர்கிறது. ஆகவே ஒவ்வொரு துடிப்பிலும் ஒரு பல் இருந்த இடத்தில் இன்னொரு பல் வந்து நிற்க, ஓடுகின்ற ரம்பம் நின்றுவிட்டது போலத் தோன்றும். பழைய இயந்திரங்களில் கம்பி இழை சூடாகி ஒளிரும் குண்டு பல்பு பொருத்தியதில் ஒரு நன்மை இருந்தது: இழையின் சூடு அவ்வளவு விரைவில் தணியாததால் ஒளி பெரிதாகத் துடிக்காது. ஆனால் அந்த பல்பின் சூட்டில் மரத்தூள் படிந்து கருகும், தீயும் பிடிக்கலாம்.

எனவே எல்.இ.டி.யே போடுங்கள், ஆனால் 230 வோல்ட்டில் நேரடியாக எரியும் மலிவான பல்பு வேண்டாம். அவற்றில் சிலவும் இதே போலத் துடிக்கின்றன. கைப்பேசிக் கேமராவை அருகில் பிடித்துப் பார்த்தால் திரையில் பட்டைபட்டையாக ஓடுவது தெரியும். 230 வோல்ட் பக்கத்திலிருந்து தனிமைப்படுத்தப்பட்ட தரமான 24 வோல்ட் நேர்மின் சப்ளை ஒன்றைத் தூள் புகாத பெட்டியில் வைத்து, விளக்குக்கு அந்த 24 வோல்ட்டை மட்டும் கொண்டுசெல்லுங்கள். துடிப்பும் இராது, விளக்கின் கைக்குள் வயர் அறுந்தாலும் உயிருக்கு ஆபத்து வராது.

230 வோல்ட்தான் வேண்டும் என்றால் மூன்று இழை வயர் கட்டாயம். பலர் எர்த்தை அடிப்பாகத்தில் கட்டியதோடு விட்டுவிடுகிறார்கள். மூட்டுகளில் பெயிண்டும் வாஷரும் இடையில் இருப்பதால், அடியில் கட்டிய எர்த் குடைக்குப் போய்ச் சேரும் என்பதற்கு உறுதி இல்லை. எர்த் இழையைக் குடை வரை கொண்டுபோய் அங்கேயும் ஒரு திருகில் கட்டுங்கள். பூட்டி முடித்தபின் 500 வோல்ட் மெக்கரில் (மின்காப்பை அளக்கும் கருவி) சோதித்து, 1 மெகாஓமுக்குக் குறைந்தால் இணைப்புக் கொடுக்காதீர்கள். மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இருக்கட்டும்.

ஆம்பூர் தோல்வேலை எழுதியது:

மூட்டுகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மரையை இறுக்கிக்கொண்டே போகாதீர்கள், வார்ப்புக் காது உடைந்துவிடும். பெரும்பாலும் உள்ளே இருந்த ஃபைபர் அல்லது தோல் வாஷர் தேய்ந்து காணாமல் போயிருக்கும். அதற்குத் தாவரப் பட்டையில் பதனிட்ட கெட்டியான தோல் பொருத்தமானது. ஆவாரம் பட்டையில் தோல் பதனிடும் பழக்கம் நம் பகுதிக்குப் பழையது. இப்போது எங்கும் குரோமிய உப்பில் பதனிட்ட குரோம் தோலே அதிகம், அது மெத்தென்று அமுங்கி மூட்டைத் தளர்த்திவிடும். செருப்பின் அடித்தோல் துண்டு கேட்டு வாங்கி, சுமார் 3 மில்லிமீட்டர் கனத்தில் வட்டமாக வெட்டிப் போடுங்கள். எண்ணெய் விடவே கூடாது, பிடிப்புப் போய்விடும். இரும்பின் மீது தோல் கறுக்காமலிருக்க மெழுகு லேசாகத் தேய்த்தால் போதும்.

குடியாத்தம் தச்சுப்பட்டறை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. 24 வோல்ட் முறையையே செய்கிறேன். குடையை மணல் அடித்துப் பவுடர் கோட்டிங் செய்து தருவதாக ஒருவர் சொல்கிறார். செய்யலாமா? ஸ்பிரிங் வைத்த மேசை விளக்கு ஒன்றும் விலைக்கு வருகிறது, அதை ரம்ப மேசையில் பொருத்தலாமா?

காட்பாடி பழைய இயந்திரங்கள் எழுதியது:

மணல் அடிக்கவே அடிக்காதீர்கள். அந்த எனாமல் பெயிண்ட் அல்ல. இரும்புத் தகட்டின் மீது கண்ணாடித் தூளை உலையில் உருக்கிப் படியவைத்தது. ஒருமுறை போனால் பட்டறையில் அதைத் திரும்பக் கொண்டுவர இயலாது. சோப்பும் வெந்நீரும் போதும். பெயர்ந்த இடத்தில் மட்டும் துருவை எடுத்து, எபாக்சி பெயிண்டால் மூடுங்கள். நசுங்கல் இருந்தாலும் தட்டி நிமிர்த்த வேண்டாம். தட்டினால் சுற்றியுள்ள எனாமலும் சில்லுசில்லாகப் பெயரும். விளக்கின் கைமீதுள்ள பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் ஈரத்தோடு உப்புத்தாள் பிடியுங்கள். குடை அலுமினியமாக இருந்தால் காஸ்டிக் சோடா பக்கமே போகக்கூடாது, உலோகத்தையே அரித்துவிடும்.

ஸ்பிரிங் விளக்கு அருமையான படைப்பு. 1932-இல் ஜார்ஜ் கார்வர்டைன் வகுத்த ஆங்கிள்பாய்ஸ் அந்த வகையைச் சேர்ந்தது. ஆனாலும் அதிர்கின்ற இயந்திரத்தின் மீது அது ஆடிக்கொண்டே இருக்கும், நிழலும் சேர்ந்து ஆடும். அதைக் கூர் தீட்டும் மேசைக்கு வைத்துக்கொண்டு, ரம்பத்துக்கு உராய்வு மூட்டு வைத்ததையே தேடுங்கள்.

தேடும்போது மரவேலை இயந்திரம் என்று மட்டும் கேட்காதீர்கள். மூடப்பட்ட அச்சகங்கள், லேத் பட்டறைகள், தோல் தொழிற்சாலைகளிலும் இதே வகைக் கை விளக்குகள் இருந்தன. இயந்திரத்தை எடைக்கு வாங்குபவர் விளக்கை முதலில் கழற்றித் தனியே போட்டுவிடுவார். ஆகையால் கடையில் பெரிய இரும்பு கிடக்கும் இடத்தை விட, அலுமினியமும் பித்தளையும் பிரித்து வைத்திருக்கும் மூலையைப் பாருங்கள். குடை இல்லாமல் கை மட்டும் கிடைத்தாலும் விடாதீர்கள், குடையைப் பின்னால் தேடிக்கொள்ளலாம். வாங்குவதற்கு முன் உங்கள் வார்ப்பிலுள்ள துளைகளின் இடைவெளியை ஒரு அட்டையில் குத்தி எடுத்துக்கொண்டு போங்கள். பழைய இங்கிலாந்து இயந்திரம் என்பதால் மரை பெரும்பாலும் விட்வொர்த் என்ற பழைய அங்குல அளவாக இருக்கும். மில்லிமீட்டர் போல்ட்டை வலிந்து ஏற்றினால் மரை சிதைந்துவிடும்.