சனிக்கிழமை மொட்டை மாடியில் என்ன படம்?

வாட்ஸ்அப் குழு: வடபழனி வீடு

வியாழன், இரவு 8:40

சுதா: எல்லாரும் ஒரு நிமிடம் இங்கே பாருங்கள். சனிக்கிழமை பசங்க எல்லாம் பாட்டி வீட்டில்தான். கார்த்தி ஆபீஸ் நண்பரிடம் புரொஜெக்டர் வாங்கி வருகிறான். மொட்டை மாடியில் படம். என்ன படம் என்று இப்போதே முடிவு பண்ணிவிடலாம். அங்கே வந்து சண்டை போட வேண்டாம்.

நிவேதா: பேய்ப்படம்!!

கார்த்தி: அரண்மனை 4 போடலாம். சின்னதுகளும் சிரிக்கும்.

முரளி சித்தப்பா: அதைப் பேய்ப்படம் என்று யார் சொன்னது?

நிவேதா: ஆரம்பித்துவிட்டார் 😄

சுதா: அம்முவுக்கு ஆறு வயசு. அதையும் கொஞ்சம் மனதில் வையுங்கள்.

முரளி சித்தப்பா: எனக்கு அந்தப் படங்கள் மேல் கோபம் எல்லாம் இல்லை. காமெடி, பாட்டு, கடைசியில் அம்மன். கொடுத்த காசுக்குக் குறைவில்லை. ஆனால் பயம் எங்கே? இடைவேளை வரைக்கும் பேய் கதவை அடைக்கும், விட்டத்தில் தொங்கும். இடைவேளை முடிந்ததும் அழ ஆரம்பித்துவிடும். ஏமாற்றினார்கள், சொத்தைப் பிடுங்கினார்கள், கொன்றார்கள் என்று நீளமாக ஒரு கதை. அதைக் கேட்ட பிறகு நமக்குப் பேய் மேல் பாசம் வந்துவிடுகிறது. வில்லனை எப்போது தூக்கிப் போட்டு மிதிக்கும் என்று காத்துக்கொண்டிருக்கிறோம். பேய் ஹீரோ ஆகிவிட்டால் அது சண்டைப்படம்.

வசந்தா அத்தை: காஞ்சனாவில் சரத்குமார் வரும் பகுதியில் நான் தேம்பித் தேம்பி அழுதேன்டா. அதைப் போய்க் குறை சொல்கிறாயே.

முரளி சித்தப்பா: அழுதாய் அல்லவா அக்கா, அதைத்தான் நானும் சொல்கிறேன். அந்த ஃப்ளாஷ்பேக்தான் படத்திலேயே நல்ல இடம். திருநங்கையை இழிவாகக் காட்டிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்த சினிமாவில், 2011-லேயே அப்படி ஒரு பாத்திரத்தைத் தலை நிமிர்த்தி நிற்க வைத்தது பெரிய விஷயம். ஆனால் அன்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கினாயா இல்லையா?

வசந்தா அத்தை: நன்றாகத் தூங்கினேன்.

முரளி சித்தப்பா: அவ்வளவுதான்.

கார்த்தி: சித்தப்பா, உங்களுக்குப் பிடித்த ஈரத்திலும் ஃப்ளாஷ்பேக் உண்டே. அது மட்டும் எப்படிச் சரி?

முரளி சித்தப்பா: நல்ல கேள்வி. ஈரம் 2009. அறிவழகன் படம். அந்தப் பேய்க்கு முகமே கிடையாது. தண்ணீர்தான் பேய். கதவுக்கு அடியில் கசியும், கண்ணாடியில் பனிக்கும், யாரோ சாகப் போகிறார்கள் என்று நமக்குத் தெரிந்துவிடும். ஃப்ளாஷ்பேக் வரும்போது என்ன தெரிகிறது? புருஷனின் சந்தேகம். அதற்கு எண்ணெய் ஊற்றியது அதே அடுக்குமாடியில் இருக்கிறவர்கள். வாய்க்கு வந்ததைப் பேசியவர்கள். அங்கே ஃப்ளாஷ்பேக் பயத்தைக் குறைக்கவில்லை, கூட்டுகிறது. பேயைவிடப் பக்கத்து வீட்டுக்காரர்தான் பயங்கரம் என்று ஆகிவிடுகிறது.

சுதா: எங்கள் அபார்ட்மென்ட் குழுவைத் திறந்தாலே எனக்கு அந்தப் பயம்தான்.

நிவேதா: 😂😂

நடராஜன் மாமா: நாளை காலை 6 மணிக்கு மெட்ரோ தண்ணீர் லாரி வரும். வாளி, குடம் தயாராக வைக்கவும்.

நிவேதா: மாமா, ஈரம் பற்றிப் பேசும்போதா இதைச் சொல்வது!

கார்த்தி: அப்படியென்றால் யாவரும் நலம்?

முரளி சித்தப்பா: அதுவும் 2009-தான், நல்ல வருஷம். முதல் அரை மணி நேரத்தை மட்டும் எடுத்துக்கொள். புது ஃபிளாட்டுக்குக் குடி வருகிறார்கள். மற்றவர்களுக்கு ஓடுகிற லிஃப்ட் மாதவனுக்கு மட்டும் ஓடாது. தினமும் பால் திரிந்து போகும். வீட்டுக்குள் எடுத்த போட்டோவில் மட்டும் முகம் கோணிக்கொண்டு நிற்கும். மதியம் டிவியில் ஒரு தொடர் வருகிறது, அதில் வருகிற குடும்பத்துக்கு நடப்பது எல்லாம் இவர்கள் வீட்டிலும் நடக்கிறது. ரத்தம் இல்லை, அலறல் இல்லை. இந்த ஊரில் மதியம் சீரியல் ஓடாத வீடு எது? ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராம் அந்த வெளிச்சமான ஹாலையே சந்தேகப்பட வைத்துவிட்டார். இருட்டில் பயமுறுத்துவது யாராலும் முடியும்.

வசந்தா அத்தை: அதைப் பார்த்துவிட்டு உன் அத்திம்பேர் சீரியல் நேரத்தில் ஹாலுக்கே வரவில்லை.

நடராஜன் மாமா: அது வேறு காரணம்.

நிவேதா: டிமான்டி காலனி? அந்த வீதி நிஜமாகவே ஆழ்வார்பேட்டையில் இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு உதறல்.

முரளி சித்தப்பா: 2015-ல் வந்த முதல் படம் எனக்குப் பிடிக்கும். நான்கு பேர், ஒரே அறை, வெளியே போக முடியவில்லை. அவ்வளவுதான் கதை. பணம் இல்லாத இயக்குநர்தான் பயத்தை ஒழுங்காகச் சமைக்கிறார். அடுத்த பாகத்தில் பட்ஜெட் வந்ததும் கதவு எல்லாம் திறந்துவிட்டது.

சுதா: இது எதுவுமே குழந்தைகளுக்கு ஆகாது. வேறு சொல்லுங்கள்.

கார்த்தி: அப்போ மான்ஸ்டர் படம். காட்ஸில்லா. பெரிய சுவர் இருக்கிறது, பெரிய மிருகம் வேண்டும்.

முரளி சித்தப்பா: எந்தக் காட்ஸில்லா? இரண்டு மிருகம் கட்டிப் புரள, நடுவில் கட்டடம் எல்லாம் அப்பளமாக நொறுங்குமே, அதுவா? எனக்குக் கொட்டாவி வரும்.

கார்த்தி: கிராஃபிக்ஸ் என்றாலே உங்களுக்கு ஆகாது. ரப்பர் உடுப்பு போட்டுக்கொண்டு ஒரு ஆள் நடந்தால் மட்டும் கலை.

முரளி சித்தப்பா: அந்த ஆளைக் கிண்டல் பண்ணாதே. 1954 படத்தில் உள்ளே இருந்தவர் ஹருவோ நகாஜிமா. உடுப்பு கிட்டத்தட்ட 100 கிலோ. அதைப் போட்டுக்கொண்டு ஸ்டுடியோ விளக்குச் சூட்டில் நடந்தார். அந்த உறுமல் எப்படி வந்தது தெரியுமா? டபுள் பாஸ் என்று ஆள் உயரத்துக்கு ஒரு தந்தி வாத்தியம். அதன் தந்தியைத் தளர்த்தி, பைன் பிசின் தடவிய தோல் கையுறையால் இழுத்தார்கள். இசையமைப்பாளர் இஃபுகுபேயின் யோசனை. அப்புறம் அந்த மிருகம் சும்மா வரவில்லை. அதே வருஷம் மார்ச்சில் பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு சோதனை நடத்தி, அதன் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகு மேல் விழுந்தது. நவம்பரில் படம். தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது பொம்மையாகத் தெரிந்திருக்காது.

கார்த்தி: சரி. ஆனால் காட்ஸில்லா மைனஸ் ஒன், 2023. முழுக்க கிராஃபிக்ஸ் மிருகம். மொத்தம் 610 கிராஃபிக்ஸ் ஷாட், வேலை செய்தவர்கள் 35 பேர். இயக்குநர் யமசாகியே கிராஃபிக்ஸையும் மேற்பார்த்தார். ஆஸ்கரும் வாங்கிவிட்டார்கள். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

முரளி சித்தப்பா: எழுந்து நின்று கை தட்டுவேன். உனக்கே பாயிண்ட். போர் முடிந்து எரிந்து கிடக்கிற ஊர், குற்ற உணர்ச்சியில் புழுங்குகிற ஒரு விமானி, யார் பெற்ற குழந்தையையோ வளர்க்கிற ஒரு பெண். ஒட்டுத் தகரத்தில் இப்போதுதான் குடிசையை நிமிர்த்தியிருக்கிறார்கள். அதன் மேல் அது கால் வைக்கும்போது நமக்கு வலிக்கிறது. என் சண்டை கிராஃபிக்ஸோடு இல்லை. மிதிபடுகிறவன் யார் என்று சொல்லாமல் மிதிப்பதை மட்டும் காட்டுகிறார்களே, அதோடுதான்.

முரளி சித்தப்பா: இன்னொன்று. ஜாஸ் (1975) எடுத்தபோது இயந்திரச் சுறா உப்புத் தண்ணீரில் அடிக்கடி பழுதாகிவிட்டது. ஸ்பீல்பெர்க் வேறு வழி இல்லாமல் சுறா இழுத்துக்கொண்டு போகிற மஞ்சள் பீப்பாயையும் இசையையும் வைத்தே ஒப்பேற்றினார். சுறா முகத்தைக் காட்டவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அது ஒழுங்காக வேலை செய்திருந்தால் முதல் காட்சியிலேயே காட்டியிருப்பார், படம் போயிருக்கும்.

வசந்தா அத்தை: பசங்களுக்குப் படம் கேட்டால் இவன் பாடம் நடத்துகிறான். விட்டலாச்சார்யா போடுங்கள்டா. ஜெகன்மோகினி.

முரளி சித்தப்பா: அக்கா!! அப்படிச் சொல்லு. பேய் சமைக்கிறது. விறகு இல்லை. தன் காலையே அடுப்புக்குள் நீட்டிவிட்டுச் சாவகாசமாகக் கிண்டுகிறது. உலகத்தில் வேறு யாருக்குத் தோன்றும் இது? ஒரு நடிகர் சம்பளத்துக்கோ கால்ஷீட்டுக்கோ தகராறு பண்ணினால், இயக்குநர் விட்டலாச்சார்யா அந்தப் பாத்திரத்தை மந்திரவாதி கிளியாக்கிவிட்டான் என்று மாற்றிவிட்டுப் படத்தை முடித்துவிடுவாராம். அப்படி ஒரு கதை சொல்வார்கள். நிஜமோ பொய்யோ, அவருக்குப் பொருத்தம்.

முரளி சித்தப்பா: [வீடியோ: கால் அடுப்பு]

சுதா: சித்தப்பா! அம்மு என் மடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நிவேதா: பாட்டி குரல் பதிவு போடச் சொன்னார்கள், சத்தமே சரியாக விழவில்லை. நானே எழுதுகிறேன். "எதுக்கு இத்தனை பேச்சு? மாயா பஜார் போடுங்கள். கடோத்கஜனாக ரங்காராவ் உட்கார்ந்து சாப்பிடுகிற அழகுக்கு எந்தப் பேயும் கிட்ட வராது." இன்னொன்றும் சொல்கிறார்கள். அந்தப் படத்துக்குப் போனபோது முன்வரிசையில் உட்கார்ந்து, லட்டு தானாகப் பறந்து வாய்க்குள் போவதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம்.

கார்த்தி: பாட்டி 👏👏

முரளி சித்தப்பா: அம்மா சொன்னால் அப்பீல் இல்லை. கார்த்தி, உன் கிராஃபிக்ஸ் கட்சிக்கு ஒன்று சொல்கிறேன். 1957. கம்ப்யூட்டர் என்ற பேச்சே இல்லை. மார்க்கஸ் பார்ட்லி என்ற ஒளிப்பதிவாளர், கே.வி. ரெட்டி இயக்கம், விஜயா புரொடக்ஷன்ஸ் தயாரிப்பு. அவர்களுடைய விஜயா வாஹினி ஸ்டுடியோ இருந்த இடம் நம் வீட்டுக்குப் பக்கத்தில்தான், இப்போது நீ படம் பார்க்கப் போகிற மால் நிற்கிறதே, அங்கே. ஒரு பெட்டி வரும், திறந்தால் மனதுக்குப் பிடித்தவர் அதில் தெரிவார். வத்சலா அதைத் திறந்து அபிமன்யுவைப் பார்ப்பாள். இன்றைக்கு உங்கள் வீடியோ காலில் அந்த வெட்கம் இருக்கிறதா?

நிவேதா: இருக்கிறது, உங்களுக்குத் தெரியாது.

சுதா: நிவேதா???

முரளி சித்தப்பா: அதைவிடப் பெரிய வித்தை சாவித்திரி. கடோத்கஜன் வத்சலாவாக உருமாறி வருகிறான். அதாவது சாவித்திரி ரங்காராவாக நடிக்க வேண்டும். நடையைக் கவனியுங்கள். நாணிக் கோணி நாலு அடி வைப்பார், ஆள் இல்லை என்றதும் தோளை விரித்து ஒரு பார்வை பார்ப்பார். மீசையே இல்லாத முகத்தில் மீசை தெரியும். அதற்கு எந்த டிரிக் ஷாட்டும் வேண்டாம்.

வசந்தா அத்தை: கல்யாண மேடையில் மாப்பிள்ளை தங்கவேலு காலை மிதிப்பாளே! நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

சுதா: மூன்று மணி நேரத்துக்குக் கிட்ட ஓடுமே. பசங்க பாதியில் தூங்கிவிடும். கடோத்கஜன் வரும் இடத்திலிருந்து போட்டால் என்ன?

முரளி சித்தப்பா: கூடாது. முதலில் அந்த நிலாவையும் படகையும் பார்த்தால்தான் பின்னால் வருகிற கலாட்டா இனிக்கும். தூங்கினால் தூங்கட்டும்.

கார்த்தி: ஏழு மணிக்கு மாயா பஜார். பசங்க தூங்கியதும் பெரியவர்களுக்கு யாவரும் நலம். சம்மதமா?

நிவேதா: 👍

வசந்தா அத்தை: 👍 நான் சுண்டல் செய்து எடுத்து வருகிறேன். முரளி, நடுவில் வாயைத் திறக்கக் கூடாது.

நடராஜன் மாமா: மாடியில் ஒரே ஒரு பிளக்தான். நீளமான எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டும். கார்த்தி கொண்டு வரவும்.

கார்த்தி: சரி மாமா.

சுதா: சித்தப்பா, நீங்கள் போட்ட வீடியோவால் இங்கே தூக்கம் போச்சு. அந்த அக்காவுக்குக் கால் சுடாதா என்று இவள் விடாமல் கேட்கிறாள். நீங்களே பதில் சொல்லுங்கள்.

முரளி சித்தப்பா: பேய்க்குச் சுடாது, மனுஷனுக்குச் சுடும் என்று சொல். கொஞ்ச நாளைக்கு அடுப்புப் பக்கம் ஒரு கண் வைத்துக்கொள்.