புதுப்பிப்பு: லிஃப்ட் போட்ட ஜிம்னியின் ஸ்டீயரிங் ஆட்டம்

போன மாதம் புலம்பியிருந்தேனே, 2 இஞ்ச் லிஃப்ட் போட்ட (சஸ்பென்ஷனை உயர்த்திய) என் மாருதி ஜிம்னி 60 கி.மீ. வேகத்தைத் தொட்டால் ஸ்டீயரிங் பேயாட்டம் ஆடுகிறது என்று? பிடிபட்டுவிட்டது. காரணம் வீல் பேலன்ஸிங் இல்லை. அதற்கு இரண்டு முறை தண்டம் அழுததுதான் மிச்சம்.

கோத்தகிரி மெக்கானிக் அண்ணன் என்னை ஸ்டீயரிங்கை லேசாக இடவலமாக ஆட்டச் சொல்லிவிட்டு அடியில் படுத்தார். “தம்பி, இறங்கி வந்து பாருங்க” என்றார். டார்ச் வெளிச்சத்தில் ஆக்சிலைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்ட் ராடின் ரப்பர் புஷ் கிழிந்து தொங்கியது. போல்ட் துளையும் முட்டை வடிவமாகியிருந்தது. துளையைச் சரிசெய்து, புஷ்ஷும் போல்ட்டும் மாற்றியதும் ஆட்டம் நின்றது.

அப்புறமும் வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேராகவில்லை. வண்டியை உயர்த்தியதில் முன் ஆக்சில் சுழன்று காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறைந்த வினை அது. அந்தக் கோணத்தைச் சரிசெய்யும் காஸ்டர் புஷ் போட்டாயிற்று. நேற்று மசினகுடியிலிருந்து கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவும் ஏறினேன், கை வலிக்கவில்லை.