மாரிக்கு முன் விறகு வாங்க வேண்டும், எதைப் பார்த்து வாங்குவது?

முள்ளியவளைப் பிள்ளை:
எல்லோருக்கும் வணக்கம். அம்மா முள்ளியவளையில் தனியாக இருக்கிறா, எனக்கு வவுனியாவில் வேலை. 2022இல் காஸ் கிடைக்காமல் போனபோது குசினிக்குப் பின்னால் ஒரு கொட்டில் போட்டு விறகடுப்புக்கு மாறினா. பிறகு காஸ் தாராளமாக வந்தும் சோறு, கறி எல்லாம் இன்னும் விறகில்தான். போன கார்த்திகையில் மழை விடாமல் பெய்த நேரம் கையில் விறகு இல்லாமல் ஒரு லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரப் பெட்டி) லோட் இறக்கினோம். பாலையும் வீரையும் என்று சொல்லித்தான் தந்தார்கள். அடுப்பில் வைத்தால் கட்டை நுனியில் நுரை தள்ளித் தண்ணீர் வடிகிறது, கொட்டில் முழுக்கப் புகை. அம்மாவுக்கு ஏற்கெனவே தொய்வு (ஆஸ்துமா), அந்த மாதத்தில் மட்டும் இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஐப்பசி பிறக்க இன்னும் ஆறு கிழமைதான் இருக்கிறது. இந்த முறை பிழை விடக்கூடாது. விறகு காலையில் (விறகு விற்கிற இடத்தில்) நிறுத்து அந்தர் கணக்கில் வாங்குவதா, லோட்டாக வாங்குவதா, எந்த மரம், காய்ந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கனகராயனாற்றங்கரை:
பிள்ளை, உங்களுக்குத் தந்தவர் மரத்தைப் பற்றிப் பொய் சொல்லியிருக்க மாட்டார். பாலையும் வீரையும் நல்ல விறகுதான், தணல் நெடுநேரம் நிற்கும். ஆனால் இறுகிய மரம் காய மாதக்கணக்கில் எடுக்கும். நேற்றுத் தறித்த பாலையை விட ஒரு வருசம் கிடந்த கிளிசரியா மேல். மரத்தின் பெயரைக் கேட்டு வாங்காதீர்கள், எப்போது தறித்தது, எப்போது பிளந்தது என்று கேளுங்கள். முழு உருளையாகக் கிடந்தது வெளியே காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். பிளந்து போட்டதுதான் கணக்கு. கச்சான் காற்று அடிக்கிற வைகாசி தொடக்கம் ஆவணி வரை பிளந்து வெயிலில் கிடந்தது என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். இப்போது வாங்கினாலும் சரி, கார்த்திகைக்கு விட்டால் போச்சு.

பார்க்கும் முறை: வெட்டு முகத்தில் நடுவிலிருந்து வெளியே வெடிப்பு ஓடியிருக்க வேண்டும், பட்டை கையால் கழன்று வர வேண்டும், இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டினால் கணீர் என்று கேட்க வேண்டும். மந்தமாக ‘தொப்’ என்றால் ஈரம். முருங்கை, முள்முருக்கு கலந்து தந்தால் வேண்டாம், கடதாசி மாதிரி எரிந்து போகும். இன்னொன்று, களப்புக் கரையில் தறித்த தில்லை மரம் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், புகையும் கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும். தொய்வுக்காரர் வீட்டில் அது கூடவே கூடாது. காட்டு மரம் என்றால் பெர்மிட் இருக்கிறதா என்றும் கேளுங்கள், பிடிபட்டால் விறகும் போய் வழக்கும் வரும்.

நோர்வேயில் ஒரு வன்னியான்:
அண்ணை சொன்னதை நான் இங்கே பனிக்குள் இருந்து கற்றுக்கொண்டேன். நான் மாங்குளத்தில் பிறந்தவன். இங்கே விறகு சமைக்க அல்ல, வீட்டைச் சூடாக்க. ஒக்டோபரில் மூட்டினால் ஏப்ரல் வரை அடுப்பு ஓயாது, வெளியே பூச்சியத்துக்குக் கீழே 10, 15 பாகை போகும். வந்த முதல் வருடம் குளிர் தொடங்கிய பிறகு மலிவாக வாங்கினேன். வீடு சூடாகவில்லை, கண்ணாடி கறுத்தது, புகைபோக்கிக்குள் தார் படிந்தது. அந்தத் தார் தீப்பிடித்தால் வீடே போகும். இங்கே மாசியில், பங்குனியில் தறித்து, சித்திரைக்குள் பிளந்து, கோடை முழுக்கக் காற்றில் அடுக்கி வைத்து, இலை உதிர்கிற காலத்தில் எடுப்பார்கள். ஈரம் 20 வீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அளக்க ஊசி வைத்த சின்ன மீற்றர் இருக்கிறது. ஆனால் கட்டையை அப்போதே பிளந்து உள்முகத்தில் குத்த வேண்டும், வெளியே குத்தினால் எப்போதும் நல்ல எண்தான் காட்டும்.

உங்கள் அந்தர் கேள்விக்கு வருகிறேன், இதுதான் முக்கியம். எந்த மரமும் நன்றாகக் காய்ந்தால் கிலோவுக்குத் தரும் சூடு ஏறக்குறைய ஒன்றுதான், 4 யூனிட் மின்சாரம் அளவு. பச்சை மரத்தில் நிறையில் பாதி வரை தண்ணீர் இருக்கலாம். ஒரு அந்தர் 112 இறாத்தல், 51 கிலோ என்று வைத்தால் 25 கிலோ தண்ணீருக்குக் காசு கொடுக்கிறீர்கள், பிறகு அதை ஆவியாக்கவும் விறகையே எரிக்கிறீர்கள். ஆகவே நிறையில் வாங்கினால் காய்ந்தது எதுவென்றாலும் வாங்கலாம். லோட்டாக வாங்கினால் காய்ந்த பிறகும் கனக்கிற பாலை, வீரைதான் இலாபம். இங்கே 40, 60 லீற்றர் பைகளில் விற்கிறார்கள், அதனால்தான் இறுகிய பேர்ச் மரத்துக்கு மற்றவற்றை விட விலை கூட. லோட் என்றால் பெட்டிக்குள் அடுக்கியதா, சும்மா எறிந்ததா என்றும் பாருங்கள். எறிந்ததில் பாதிக்குக் கிட்ட வெறும் காற்று.

புதுக்குடியிருப்பு அக்கா:
வாங்கிய பிறகும் வேலை இருக்கிறது தங்கச்சி. நிலத்தில் போடாதீர்கள், கறையானும் ஈரமும் ஏறும். கல்லடுக்கி மேலே குறுக்குத் தடி போட்டு அடுக்குங்கள். மேலே மட்டும் தகரமோ தறப்பாளோ, பக்கங்களை மூடினால் அவிந்து பூஞ்சணம் பிடிக்கும். இருட்டில் அம்மாவைக் கை விட்டு எடுக்க விடாதீர்கள், எங்கள் அடுக்குக்குள் புடையன் பாம்பு கிடந்தது. மூன்று நாள் விறகை முன்கூட்டியே அடுப்பங்கரையில் எடுத்து வைத்தால் போதும். மூட்ட, பனை தென்னையில் கிடைக்கிற கொக்காரையும் பன்னாடையும் ஊமலும் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள், மண்ணெண்ணெய் தேவையில்லை.

எங்கள் பக்கத்து மரம் என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2009 போரில் செல் துண்டு ஏறிய மரங்கள் இன்னும் நிற்கின்றன. போன வருடம் எங்கள் வளவில் பட்டுப்போன புளியை அரிந்தபோது வாளின் சங்கிலி தெறித்தது, நல்ல காலம் அரிந்தவருக்கு ஒன்றுமில்லை. கட்டையில் இரும்புக்கறை மாதிரிக் கறுப்புத் தெரிந்தால் அதை அடுப்பில் வைக்காமல் தள்ளி வையுங்கள். புதிதாகத் திருத்திய காணியில் வெடிக்காத செல் மண்ணுக்குள் கிடக்கலாம், நிலத்தின் மேல் நெருப்பு மூட்டவே வேண்டாம்.

முள்ளியவளைப் பிள்ளை:
மூவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை விறகு காலைக்கு நானே போகிறேன். அம்மா கொட்டிலின் மேற்குப் பக்கத் தட்டியைக் கழற்றச் சம்மதித்துவிட்டா, புகை அந்தப் பக்கத்தால் போகட்டும். அக்கா, தறப்பாள் அடுக்கை விட்டு எவ்வளவு உயரத்தில் கட்ட வேண்டும்?

புதுக்குடியிருப்பு அக்கா:
ஒரு முழம் விடுங்கள். வடகிழக்குப் பக்கம் மட்டும் கொஞ்சம் கீழே இழுத்துக் கட்டுங்கள், மாரிச் சாரல் அங்கிருந்துதான் வரும்.