'ரீகேப்' டயர் கடையிலிருந்து வந்த சொல்லா?

கொழிஞ்சாம்பாறை டயர்கடை:
நம் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு யாரோ போட்ட குறிப்பில் 'ரீகேப் என்றால் சுருக்கம்' என்று இருக்கிறது. எனக்கு ஒப்பவில்லை. ரீகேப் எங்கள் தொழில் வார்த்தை. தேய்ந்த டயரின் மேற்பரப்பைச் சீவி, அதே உடம்பின்மேல் புது ரப்பர் ஏற்றுவது. சீரியலில் வருவதும் இதுதானே? பழைய கதையின்மேல் புது எபிசோடை ஏற்றுகிறார்கள்.

வாளையார் மாஷ்:
இல்லை அண்ணா, எழுத்து ஒன்று, வேர் இரண்டு. உங்கள் 'கேப்' தொப்பி, மூடி. கதைக்குச் சொல்லும் ரீகேப், 'ரீகேபிடுலேட்' என்ற நீளச் சொல்லின் தலைப்பகுதி. லத்தீனில் 'கபுட்' என்றால் தலை. 'கபிடுலும்' சிறு தலை, அதாவது நூலில் வரும் பகுதித் தலைப்பு. 'சாப்டர்' வந்ததும் அதிலிருந்துதான். தலைப்புகளை மறுபடி ஒவ்வொன்றாகச் சொல்லிவருவது ரீகேபிடுலேட். 16ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் இருந்த சொல். டன்லப் காற்று டயர் செய்தது 1888இல்.

கொழிஞ்சாம்பாறை டயர்கடை:
நீளச் சொல் பழசு, சரி மாஷே. வெட்டிய 'ரீகேப்' 20ஆம் நூற்றாண்டுதானே? 1942 தொடக்கத்தில் மலேயாவும் சிங்கப்பூரும் ஜப்பான் கைக்குப் போனதும் ரப்பர் வரத்து அடைபட்டது. அமெரிக்காவில் டயருக்கு ரேஷன். தேய்ந்ததை ரீகேப் செய்துதான் வண்டி ஓட்டினார்கள். ஊரே பேசிய வார்த்தை கதை சொல்பவர் வாயில் ஒட்டாமலா போகும்?

நல்லேப்பிள்ளி மாணவி:
மாஷ், 'கேபிடுலேட்' என்றால் சரணடைவது என்கிறது டிக்ஷனரி. 'ரீ' சேர்த்தால் மறுபடி சரணடைவதா?

வாளையார் மாஷ்:
இல்லை அம்மிணி. தோற்கும் படை நிபந்தனைகளைத் தலைப்பு தலைப்பாக எழுதி ஒப்புக்கொள்ளும். அங்கேயும் அதே கபிடுலும். பிறகு பொருள் அந்தப் பக்கம் போய்விட்டது.

அண்ணா, காதில் விழுந்திருக்கலாம், அதனால் வேர் மாறாது. என் கவலை வேறு. குறிப்பு எழுதியவர் ரீகேப்பையும் சம்மரியையும் ஒன்றாக்கிவிட்டார். சம்மரிக்கு மூலம் லத்தீன் 'ஸும்மா', உச்சி. ரோமானியர் எண்களைக் கீழிருந்து மேலாகக் கூட்டி, மொத்தத்தை உச்சியில் எழுதினார்கள். சுருக்கி எழுதியதைச் சொல்லும் இன்னொரு சொல்லான 'பிரெசி' பிரெஞ்சு வழி வந்தது, வெட்டிக் குறைத்தது என்று பொருள். இந்த இரண்டையும் விஷயமே தெரியாதவரிடம் கொடுக்கலாம். ரீகேப் ஏற்கெனவே கேட்டவருக்கு. நேற்று வகுப்புக்கு வராத பிள்ளைக்கு இன்று ஐந்து நிமிட ரீகேப் கொடுத்தால் ஒன்றும் ஏறாது. அந்தப் பிள்ளைக்குப் பாடத்தைச் சொல்லித்தான் தரவேண்டும்.

நல்லேப்பிள்ளி மாணவி:
நன்னூலின் 32 உத்திகளில் 'தொகுத்துச் சுட்டல்' இருக்கிறதே, அது பொருந்துமா?

வாளையார் மாஷ்:
பொருந்தாது. அது முதலில் தொகையாகச் சொல்லிவைப்பது. அடுத்த உத்தியே 'வகுத்துக் காட்டல்'. ரீகேப் விரித்துச் சொல்லி முடித்த பின் வருவது.

கொழிஞ்சாம்பாறை டயர்கடை:
அப்படியானால் வாரப் பத்திரிகைத் தொடர்கதைக்கு மேலே 'முன்கதைச் சுருக்கம்' போட்டார்களே? முந்தைய இதழ் படிக்காதவரும் அதைப் பிடித்துக்கொண்டுதான் கதைக்குள் போனார்கள். சீரியல் ரீகேப்பும் அந்த வேலையைச் செய்கிறது. சுருக்கம் என்று எழுதியவர் அந்த அளவுக்குச் சரி.

வாளையார் மாஷ்:
முன்கதைச் சுருக்கம் சம்மரிதான், அதை ஒத்துக்கொள்கிறேன். சீரியலில் காட்டுவது நேற்றைய நாலு காட்சி. புதிதாகப் பார்ப்பவருக்கு யார் யாருக்கு என்ன உறவு என்றுகூடப் புரியாது. குறிப்பில் 'கேட்டதை மறுபடி சுருங்கச் சொல்வது' என்று திருத்தச் சொல்லுங்கள்.

கொழிஞ்சாம்பாறை டயர்கடை:
அந்த 'மறுபடி' இருந்தால் எனக்குச் சம்மதம். கூடவே டயருக்கும் ஒரு வரி வேண்டும். லாரி ஒர்க்‌ஷாப் நிறைந்த பாதையில்தான் இந்தப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள்.